புத்தக அறிக்கையில் கதைச் சுருக்கம் மட்டும் போதுமா?

கிறிஸ்தவப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' பற்றி அறிக்கை எழுத வேண்டும், கதையைச் சுருக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. சுருக்கம் ஐந்தாறு வரி இருந்தால் சரி. 1678-இல் வெளிவந்த நூல், மத போதனைக்காகச் சிறையில் இருந்தவர் எழுதியது என்பதை முதலில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

அப்புறம் ஒரே ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சந்தேகக் கோட்டையில் ஓர் அரக்கன் கதைநாயகன் கிறிஸ்தியானையும் அவன் தோழனையும் அடைத்துவைத்து அடிக்கிறான். நாட்கள் கழித்துத்தான் தன் மார்புக்குள்ளேயே வாக்குத்தத்தம், அதாவது கடவுளின் வாக்குறுதி, என்ற சாவி இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. இத்தனை நாள் ஏன் மறந்தான்? மகள் இதற்குத் தன் பதிலை எழுதட்டும். பயத்தில் தெரிந்ததையும் மறந்துபோன ஒரு நாள் அவளுக்கும் இருந்திருக்கும்.

வேத வசனம் சேர்க்கலாம். ஆனால் கடைசியில் ஒட்டவைக்காமல், அந்தக் காட்சிக்குப் பக்கத்திலேயே வரட்டும். பிடிக்காத பகுதியையும் காரணத்தோடு எழுதலாம். அது விசுவாசக் குறைவு ஆகாது.

தமிழில் ஆர்வம் இருந்தால், இதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய 'இரட்சணிய யாத்திரிக'த்திலிருந்து ஒரு பாடலைப் படித்துக் காட்டுங்கள்.