மண்டிகள் சேருகின்றன, நிலைப்பதில்லை: சந்தா சாஃப்ட்வேர் தொழில் கேள்வி-பதில்

நெல்லை, தென்காசி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில, இந்த இதழில்.

காய்கறிக் கமிஷன் மண்டிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து, மாதம் 600 ரூபாய் சந்தாவுக்குத் தருகிறோம். சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று அலைந்து மாதம் 8 மண்டிகளைச் சேர்த்துவிடுகிறோம். ஆனால் மாதம் ஏழெட்டு பேர் நிறுத்தியும் விடுகிறார்கள். 75-ஐத் தாண்ட முடியவில்லை. விளம்பரத்துக்கு 50,000 ரூபாய் ஒதுக்கலாமா?
- சுரண்டை வாசகர்

இப்போது வேண்டாம். இருப்பவர்களில் மாதம் 10 சதவீதம் பேர் போகிறார்கள். 8 பேர் வருகிறார்கள். 8-ஐ 0.10-ஆல் வகுத்தால் 80. இந்த வேகத்தில் நீங்கள் தொடக்கூடிய உச்சம் அவ்வளவுதான். அங்கே போனதும் 8 பேர் வர, 8 பேர் போக, எண்ணிக்கை அப்படியே நின்றுவிடும். விளம்பரம் செய்து வரவை 16 ஆக்கினால் உச்சம் 160 ஆகும். விலகலை 5 சதவீதமாகக் குறைத்தாலும் அதே 160தான், கூடுதலாக ஒரு மண்டியைக்கூடப் பிடிக்க வேண்டாம். 3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 267. மாதம் 10 சதவீதம் விலகினால், இன்று இருக்கும் 100 பேரில் ஓராண்டு கழித்து 28 பேர்தான் மிஞ்சுவார்கள். 3 சதவீதம் என்றால் 69 பேர்.

முதலில் ஒரு எக்செல் தாள் போடுங்கள். சேர்ந்த மாதம் இடப்பக்கம், அதன்பின் ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் மிச்சம் என்பது வலப்பக்கம். 75 பேருக்கு இதற்கென்று தனிக் கருவி எதுவும் தேவையில்லை. விலகல் முதல் இரண்டு மாதத்தில் குவிந்திருந்தால், அவர்கள் உங்கள் சாஃப்ட்வேருக்குப் பழகவே இல்லை என்று பொருள். ஓராண்டு ஓட்டியவர்களும் போகிறார்கள் என்றால் நோய் வேறு: வேறொருவர் மலிவாகத் தருகிறார், அல்லது அவர்கள் கேட்ட ஏதோ ஒன்று வரவே இல்லை.

மண்டியில் பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். சந்தாவுக்குச் சரி என்பவர் முதலாளி அண்ணாச்சி. விரலால் தட்ட வேண்டியவர் கணக்குப்பிள்ளை. அவருக்குக் கைவராவிட்டால் மூன்றாம் நாளே பழைய கணக்கு நோட்டுக்குத் திரும்பிவிடுவார். ஏலம் ஓடுகிற நேரத்தில் உங்கள் திரையைப் பாருங்கள். புது விவசாயி சரக்கு இறக்கியதும் பெயர், ஊர், செல்போன் எண் மூன்றையும் நிரப்பினால்தான் அடுத்த கட்டம் திறக்கும் என்று வைத்திருந்தால், அங்கேயே ஆள் கைவிட்டுவிடுவார். பெயரின் முதல் இரண்டு எழுத்து, மூட்டை, எடை, விலை போதும். மீதியை மதியம் நிரப்பிக்கொள்ளட்டும். கமிஷன், இறக்குக்கூலி, கழிவு ஆகியவற்றை அந்தக் கடை எந்த வரிசையில் எழுதுகிறதோ அதே வரிசையில்தான் விவசாயிக்குத் தரும் கணக்குச் சீட்டான சிட்டையிலும் வர வேண்டும். சில்லறைக் காசை அவர்கள் விட்டுவிடும் வழக்கமென்றால் சாஃப்ட்வேரும் விட வேண்டும். ஐம்பது பைசா வித்தியாசம் வந்தாலே "மிஷின் கணக்கு தப்பு" என்று பெயராகிவிடும்.

சிட்டை அடிக்கும் சின்ன தெர்மல் பிரிண்டரையும் சோதியுங்கள். பெரும்பாலான மாடல்களில் தமிழ் எழுத்துரு உள்ளே இருக்காது. வரிகளை எழுத்தாக அனுப்பினால் கட்டங்களும் குப்பையும்தான் விழும். சிட்டையைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும், அது சற்று மெதுவாக அடிக்கும். ஆகவே சிட்டையில் வரிகளைக் குறையுங்கள். இணையம் போனாலும் பதிவு ஓட வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

நிறுவும்போது பழைய நோட்டிலிருந்து விவசாயிகள் பெயர், நிலுவை இரண்டையும் நீங்களே ஏற்றிக் கொடுங்கள். முதல் இரண்டு ஏலத்துக்கும் உங்கள் ஆள் ஒருவர் கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார வேண்டும். அதன்பின் லாகின் எண்ணிக்கையை நம்பாமல் நாளுக்கு எத்தனை சிட்டை போட்டார்கள் என்று பாருங்கள். மூன்று ஏல நாள் தொடர்ந்து சிட்டை விழவில்லை என்றால் அன்றே போன் போடுங்கள். சந்தா முடிகிற நாள்வரை காத்திருந்தால் ஆள் போய்விடுவார். விலகியவரிடம் "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டால் "ரேட் ஜாஸ்தி" என்பதே பதிலாக வரும். "கடைசியா சிட்டை போட்ட அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள், உண்மை வரும்.

ஓணத்தை ஒட்டிக் கேரளாவுக்குச் சரக்கு ஏறும் நாட்களில் புதிதாக நிறுவவும் வேண்டாம், அப்டேட் விடவும் வேண்டாம்.

டியூஷன் சென்டர்களுக்கு வருகைப்பதிவும் கட்டண நினைவூட்டலும் செய்யும் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி சேர்த்து மாதம் 199 ரூபாய். வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், கையில் காசு நிற்கவில்லை. விலையைக் கூட்டினால் ஓடிவிடுவார்களோ என்று பயம்.
- பாளையங்கோட்டை வாசகி

199-இல் 18 சதவீத வரி போக உங்களுக்கு வருவது 168 ரூபாய் 64 காசு. உதவிக்கு 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவரை வைத்தால், 100 சென்டர்களின் சந்தா ஏறக்குறைய அவருக்கே போய்விடும். பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை), சர்வர், எஸ்எம்எஸ் செலவெல்லாம் அதற்கு மேல். இந்த விலையில் வளர்ந்தால் வேலைதான் வளரும்.

மாணவர் எண்ணிக்கைப்படி பிரியுங்கள்: 100 மாணவர்வரை 499, 300 வரை 999 என்பதுபோல. பெரிய சென்டருக்குக் கட்டணம் நழுவாமல் வசூலாவதால் கிடைக்கும் லாபம் பெரிது, அவர்கள் தருவார்கள். எஸ்எம்எஸ்ஸைச் சந்தாவுக்குள் "அளவில்லாமல்" என்று தராதீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் உங்களுக்குச் செலவு உண்டு, தனிப் பொதியாக விற்றுவிடுங்கள். வணிக எஸ்எம்எஸ்ஸுக்கு அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்பே பதிய வேண்டும். வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாமல் நிற்கலாம்.

புது விலையை முதலில் புதியவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். பத்துப் பேரிடம் கேட்டு ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை என்றால் இன்னும் குறைவாகத்தான் கேட்கிறீர்கள். பழையவர்களுக்கு ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுங்கள். அதற்குள் ஆண்டுச் சந்தா கட்டுவோருக்கு ஓராண்டு பழைய விலையே என்று சொல்லலாம். ஆண்டுச் சந்தாவுக்கு 10 மாதத் தொகை வாங்கி 12 மாதம் தருவது நல்ல வழக்கம். பள்ளிகள் ஜூனில் திறக்கும், ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் விற்றுவிடுங்கள். அந்தப் பணம் மொத்தமும் அந்த மாத வருமானம் அல்ல. பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் மாத வருமானமாக எழுத வேண்டும்.

சந்தாவைத் தானாக எடுத்துக்கொள்ளும் ஆட்டோ பே வைத்தும் மாதாமாதம் பலருடைய சந்தா விழுவதில்லை. என்ன செய்வது?
- அம்பாசமுத்திரம் வாசகர்

தோல்விகளைக் காரணவாரியாகப் பிரியுங்கள். கணக்கில் பணம் இல்லை, வங்கியில் தொழில்நுட்பக் கோளாறு, கார்டு காலாவதி, வாடிக்கையாளரே அனுமதியை ரத்து செய்துவிட்டார் என நான்கு வகை வரும். முதல் இரண்டுக்கும் மறுமுயற்சி உதவும்: அடுத்த நாள், மூன்றாம் நாள், பிறகு மாதத் தொடக்கத்தில் சம்பளம் ஏறிய பின். மற்ற இரண்டுக்கும் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை, வாட்ஸ்அப்பில் யுபிஐ லிங்க் அனுப்பிவிட்டுப் பேசுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் பெயர் அதில் அவருக்குத் தெரிந்த பெயராக இருக்கட்டும். கம்பெனியின் பதிவுப் பெயரை மட்டும் பார்த்தால் ஏதோ மோசடி என்று ரத்து செய்பவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட சந்தாக்களில் ஒருமுறைக்கு 15,000 ரூபாய்வரை ஓடிபியோ பின்னோ கேட்காமல் எடுக்கலாம். வரியும் அதற்குள்தான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்க்கும் முன் ஆண்டுச் சந்தாவின் விலை 12,711 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் வாடிக்கையாளர் கை வைக்க வேண்டிவரும். அனுமதி வாங்கும்போதே உச்சத் தொகையை இன்றைய விலையைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள், ஏன் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விலை ஏற்றும்போது அத்தனை பேரிடமும் மறுபடி அனுமதி கேட்க வேண்டும்.

கடைக்காரர்களைப் பிடிக்க கம்ப்யூட்டர் கடைகளுக்குக் கமிஷன் கொடுக்கலாமா? ஆபீஸைச் சென்னைக்கு மாற்றினால்தான் வளர முடியுமா?
- வள்ளியூர் வாசகர்

கொடுக்கலாம். பில்லிங் மிஷின் விற்பவர்களும் ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருபவர்களும் கடைக்காரர் நம்பும் ஆட்கள். முதலாண்டுச் சந்தாவில் 20 சதவீதம் என்று தொடங்குங்கள். ஆனால் சேர்ந்த அன்றே மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளரின் மூன்றாம் மாதச் சந்தா வந்த பிறகு கொடுத்தால், நிலைக்கிற கடையாகப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

சென்னைக்கு மாற வேண்டியதில்லை. சாஃப்ட்வேர் நிறுவனமான ஜோஹோ தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-இல் அலுவலகம் திறந்து, அங்கிருந்தே சாஃப்ட்வேர் செய்கிறது. புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்குத் திருநெல்வேலியில் வட்டார மையம் இருக்கிறது. தொழில் தொடங்குவோருக்கான அரசு விதை நிதிக்கு விண்ணப்பிக்கும் முன் அங்கே போய்ப் பேசுங்கள். போகும்போது மாத வருமானம், விலகல் சதவீதம், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு, அது எத்தனை மாதத்தில் திரும்புகிறது, இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.