சனிக்கிழமை நாலு மணி

போன மாதம் இந்தக் கேள்வி-பதில் பகுதியில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, 'எனக்கும் பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் உண்டு. பதினோரு வருடமாக ஒரு குழுவுக்குப் போகிறேன், இப்போது அதை நடத்துகிறவர்களில் நானும் ஒருத்தி' என்று இரண்டு வரி எழுதிவிட்டேன். உணர்ச்சிகள் ஒரேயடியாக ஏறி இறங்கி, உறவுகளையும் ஆட்டிவைக்கும் மனநலப் பிரச்சினை அது, சுருக்கமாக பி.பி.டி. குழு என்றால் அது உள்ளவர்கள் கூடிப் பேசும் இடம். அந்த இரண்டு வரிக்கு ஒரு துணிப்பை நிறையக் கடிதங்கள். மற்றவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை முழுக்க இதுதான். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. பகலில் ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறவள்.

எனக்கு 24 வயது. ஆறு மாதம் முன்பு பி.பி.டி. என்றார்கள். கோபம் வந்தால் வீடு தாங்காது. அடுத்த ஒரு மணி நேரத்தில் காலில் விழுந்து அழுவேன். டாக்டர், இதே பிரச்சினை உள்ளவர்கள் கூடும் குழுவுக்குப் போகச் சொல்கிறார். என் ஒருத்தியையே வீட்டில் சமாளிக்க முடியவில்லை. என்னைப் போல எட்டுப் பேர் ஓர் அறையில் உட்கார்ந்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆகாதா? (வாசகி, கோவை)

ஆகும். சில சனிக்கிழமைகளில் ஆகியிருக்கிறது. அதை மறைத்து உங்களைக் கூப்பிட்டால், முதல் சண்டையிலேயே 'அக்கா ஏமாற்றிவிட்டாள்' என்று எழுந்து போய்விடுவீர்கள். எழுந்து போவதில் நாமெல்லாம் கெட்டிக்காரர்கள்.

நான் எழுந்து போன கதையைச் சொல்கிறேன். மேற்கு மாம்பலத்தில் ஒரு பாட்டு வகுப்பின் மாடி அறை. மூலையில் உறை போட்ட தம்புரா, பத்து பிளாஸ்டிக் நாற்காலி, கீழே தையல் கடை மெஷின் சத்தம். எனக்கு அது ஐந்தாவது வாரம். அப்பாவின் காரியத்துக்கு என்னை யாரும் கூப்பிடாமல் விட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது குழுவை நடத்திக்கொண்டிருந்த அண்ணன் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் பேசுவது அவருக்குச் சலிப்பு, எல்லோருக்கும் சலிப்பு, பிறந்ததிலிருந்தே எல்லோருக்கும் சலிப்பு என்று ஒரு நொடியில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு இறங்கினேன். அயோத்தியா மண்டபம் பக்கத்தில் நின்றபடியே அவருக்கு 14 எஸ்.எம்.எஸ். முதல் ஐந்து வசவு. அடுத்த நாலு விளக்கம். அப்புறம் மன்னிப்பு. கடைசியாக, 'என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.'

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே ஒரு பதில் வந்தது: 'சனிக்கிழமை நாலு மணி.'

அந்தச் சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை போனேன். மின்சார ரயிலில் மன்னிப்பு வசனமெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனால், யாரும் கேட்கவே இல்லை. ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்த பெண், 'இஞ்சி டீ, சர்க்கரை கம்மி, பரவாயில்லையா?' என்றாள். அந்த வாட்ச் விஷயம் தெரிய இரண்டு மாதம் ஆனது. பேட்டரி போய் வாட்ச் நின்று இரண்டு நாளாகியிருந்ததாம். அண்ணன் மணி பார்க்கவில்லை, அது ஓடுகிறதா என்று பார்த்திருக்கிறார்.

வீட்டில் நாம் கத்தினால் ஒன்று, பதிலுக்குக் கத்துவார்கள். இல்லாவிட்டால் பயந்துபோய் நாம் கேட்டதையெல்லாம் கொடுப்பார்கள். குழுவில் இரண்டும் நடக்காது. கத்திவிட்டுப் போன இடம் அப்படியே இருக்கும், திரும்பி வந்து உட்காரலாம். இதை டாக்டரின் அறையில் பழக முடியாது, ஏனென்றால் நம்மிடம் கோபித்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. எதிர் நாற்காலியில் இருக்கும் இன்னொரு பார்டர்லைனுக்குத் தாராளமாக உண்டு. அதற்காக டாக்டரை விட்டுவிடாதீர்கள். இரண்டும் வேண்டும்.

எண்ணெய் சிந்தாமலிருக்கச் சில ஏற்பாடுகள் வைத்திருக்கிறோம். 'என்னைக் காயப்படுத்திக்கொண்டேன்' என்று சொல்லலாம். எதைக் கொண்டு, எப்படி, எத்தனை முறை என்று சொல்லக்கூடாது, அது கேட்கிறவர்களுக்கு யோசனை கொடுத்ததாகிவிடும். மாத்திரைப் பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கக்கூடாது. பி.பி.டி.க்கென்று தனி மாத்திரை இன்னும் கிடையாது. கூட வரும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று எழுதியிருப்பார்கள். உங்களுடையது எனக்கு ஆகாது.

வாஷ்பேசின் அருகில் ஓர் எவர்சில்வர் அடுக்கு இருக்கிறது. யாருக்காவது கொதிப்பு தலைக்கு ஏறினால், கீழே ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் தண்ணீரில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் முகத்தை முக்குவார்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் பட்டதும் நாடித்துடிப்பு இறங்குவது உடம்பின் சுபாவம். (இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.) இது டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுச் சிகிச்சையில் கற்றுத்தருவது. அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், 1961-ல், தன் 17 வயதில், ஹார்ட்ஃபோர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்தவர். ஐம்பது வருடம் கழித்து 2011-ல்தான் ஊரறியச் சொன்னார். அவர் கையிலிருந்த தழும்புகளைப் பார்த்துவிட்டு ஒரு நோயாளி, நீங்களும் எங்களில் ஒருவரா என்று கேட்டிருக்கிறார். எங்கள் மாடி அறையில் அந்தக் கேள்விக்கு வேலை இல்லை. போய்ப் பாருங்கள், கோவை. முதல் நாள் பேசவே வேண்டாம்.

டாக்டர் பார்டர்லைன் என்றதும், பார்டர்லைன் சுகர் மாதிரி லேசாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். என் மகள் ஒன்றரை வருடமாக இந்த மாதிரி ஒரு குழுவுக்குப் போகிறாள். வந்த அன்று என்னோடு பேசுவதே இல்லை. வீட்டு விஷயத்தையெல்லாம் அங்கே கொட்டுகிறாளா? எல்லோருமாகச் சேர்ந்து என்னைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா? காலத்துக்கும் இவள் இப்படித்தானா? (ஒரு தாய், மதுரை)

அம்மா, என் அம்மா கேட்டது இன்னும் நன்றாக இருக்கும்: 'பார்டர்ல பாஸ் பண்ணிட்டியா, ஃபெயிலா?' உங்கள் மேலும் தப்பில்லை, பெயர் அப்படி. 1938-ல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க மருத்துவர், நியூரோசிஸ் (பதற்றம் போன்ற மனக்கோளாறுகள்), சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோவது) என்ற அந்தக் காலத்துப் பிரிவுகள் இரண்டிலும் சேராமல் நடுக்கோட்டில் நின்ற நோயாளிகளை இப்படி அழைத்தார். அந்தப் பிரிவினை பழசாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. லேசானது என்ற அர்த்தம் அதற்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

வீட்டு விஷயத்தைச் சொல்கிறாள்தான். ஆனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு, அங்கேயும் இருக்கலாம். அம்மாவோடு போட்ட சண்டையைச் சொல்கிறவர்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்பு தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். பாதிப் பேர் அன்று சாப்பிட்டிருக்க மாட்டோம். இல்லாவிட்டால் முதல் நாள் ராத்திரி தூங்கியிருக்க மாட்டோம். சண்டை தோசையைப் பற்றி இருந்திருக்கும், வலி வேறு எங்கோ இருந்திருக்கும். இதையெல்லாம் தோண்டி எடுக்கவே நேரம் போதாது. இதில் உங்களைக் கூண்டில் ஏற்ற எங்கே போக?

அன்று பேசாதது கோபம் இல்லை, அசதி. ஒன்றரை மணி நேரம் மனதைத் திறந்துவைத்துவிட்டு வந்தால் வாய் திறக்காது. என் அம்மா ரசம் சாதத்தைப் பிசைந்து தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். 'என்ன பேசினீங்க' என்ற கேள்வி கிடையாது. அந்த மூடிய தட்டுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. பாஸ்டன் அருகே மக்லீன் மருத்துவமனையில் மேரி ஜானரினி என்ற ஆய்வாளர், உள்நோயாளிகளாக இருந்த 290 பார்டர்லைன்காரர்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேடிப்போய்ப் பேசி, பத்து வருடம் பின்தொடர்ந்தார். 2010-ல் வெளியிட்ட முடிவு: நூற்றுக்கு 93 பேருக்கு, குறைந்தது இரண்டு வருடமாவது நோய்க்குறிகள் அடங்கியிருந்தன. ஆனால் நோய்க்குறி அடங்கியதோடு, நிலையான வேலையும் நெருங்கிய மனிதர்களும் அமைந்தவர்கள் பாதிப் பேர்தான். கீறிக்கொள்வது நின்றுவிடும். அதற்கப்புறம் பக்கத்து சீட்டுக்காரரோடு வேலை பார்க்க, தோழி கல்யாணத்துக்குப் போய்ச் சண்டை போடாமல் திரும்பிவரத் தெரிய வேண்டுமே. உங்கள் மகள் அதைத்தான் அங்கே பழகிக்கொண்டிருக்கிறாள்.

இது பெண்களுக்கு வரும் நோயா? எங்கள் ஊர்க் குழுவில் நான் ஒருவன்தான் ஆண். (வாசகர், திருநெல்வேலி)

இல்லை, தம்பி. சிகிச்சைக்கு வருகிறவர்களில்தான் பெண்கள் அதிகம். அமெரிக்காவில் வீடு வீடாகக் கேட்டு 2008-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில் இரு பாலாருக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. இதே கோபம் ஆணுக்கு வந்தால் 'முன்கோபி' என்று பட்டம் கொடுத்து, கல்யாணம் செய்துவைத்துவிடுகிறோம். நீங்கள் நாற்காலியை விடாதீர்கள், உங்களைப் பார்த்து இன்னொருவர் வருவார்.

குழுவில் அறிமுகமான ஓர் அக்காவோடு தினமும் மூன்று மணி நேரம் போனில் பேசுவேன். என்னை இதுவரை யாரும் அப்படிப் புரிந்துகொண்டதில்லை. பத்து நாளாக அவர் போனை எடுப்பதில்லை. அவர் இல்லாமல் நான் எதற்கு என்று தோன்றுகிறது. குழுவுக்குப் போகவும் பிடிக்கவில்லை. (வாசகி, திருச்சி)

முதலில் அந்த 'நான் எதற்கு'. அது செத்துப்போகலாம் என்ற யோசனையாக மாறுகிற ராத்திரியில் எனக்கு எழுதாதீர்கள், பத்திரிகையில் என் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மானஸ் என்று 2022-ல் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், தமிழில் பேசலாம். இதைப் படிக்கும்போதே அப்படித் தோன்றினால், மீதியை அப்புறம் படியுங்கள்.

சரி. எங்கள் அறையில் இதற்கு 'ஒத்தை ஆணி' என்று பெயர். வீட்டிலுள்ள மொத்தத் துணியையும் ஒரே ஆணியில் மாட்டுவது. ஆணி நன்றாகத்தான் இருக்கும், பாரம்தான் தாங்காது. எனக்கும் இருந்தாள் ஒருத்தி. அவள் 'சாப்பிட்டுட்டுக் கூப்பிடறேன்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டால்கூட, அந்தப் பதினைந்து நிமிடமும் தட்டைப் பார்த்து எனக்குப் பொறாமை.

நீங்கள் மறந்துவிட்ட ஒன்று, அந்த அக்காவும் பார்டர்லைன்தான். நீங்கள் விட்டுப் போய்விடுவீர்கள் என்ற பயத்தில் அவர் முந்திக்கொண்டு விலகியிருக்கலாம். மூன்று மணி நேரம் தாங்காமல், அதைச் சொல்லவும் தெரியாமல் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். இந்த வாரக் கூட்டத்துக்குப் போங்கள். நடத்துகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு, அந்த அக்கா இருக்கும்போதே, உங்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். 'நீங்கள் என்னை ஏமாற்றிவிட்டீர்கள்' என்று ஆரம்பிக்காமல், 'பத்து நாளாக எனக்குத் தூக்கம் இல்லை' என்று ஆரம்பியுங்கள். அவர் வராவிட்டாலும் சொல்லுங்கள். கேட்க மற்ற ஆறு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரின் பெயராவது உங்களுக்குச் சரியாகத் தெரியுமா?

எங்கள் குழுவில் இப்போது வெளியே போன் பேசுவதற்கு இருபது நிமிடம்தான் அளவு, ராத்திரி பத்துக்கு மேல் கிடையாது. வாட்ஸ்அப் குழுவையும் மூடிவிட்டோம். விடிகாலை இரண்டு மணிக்கு ஒருவர் போட்ட 'ஓகே' என்ற ஒற்றைச் சொல்லுக்காக நான்கு பேர் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள்.

நாகர்கோவிலில் எங்களுக்குத் தெரிந்து ஐந்து பேர் இருக்கிறோம். நாங்களே ஒரு குழு ஆரம்பிக்கலாமா? என்னென்ன வேண்டும்? (வாசகர், நாகர்கோவில்)

ஆரம்பியுங்கள். நடத்துவதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடைந்து போகும் நாளில் இன்னொருவர் தாங்க வேண்டும், அந்த நாள் வந்தே தீரும். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு மனநல மருத்துவரிடம் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டில் கூடாதீர்கள். சண்டை வந்தால் அந்த வீட்டுக்காரர் எழுந்து எங்கே போவார்?

பேசுவது வெளியே போகாது என்று முதல் நாளே சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் குடும்பத்துக்கோ டாக்டருக்கோ சொல்வோம் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். தற்கொலைக்கு முயன்றேன் என்று வாய்விட்டுச் சொன்னால் போலீஸ் கேஸாகிவிடும் என்று இன்னும் பலர் பயப்படுகிறார்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. நான் இருபத்தி ஆறு வயதில் ஒரு பெரிய மருத்துவமனையில் கிடந்தபோது அந்தச் சட்டம் இல்லை. கட்டுப் போட்ட நர்ஸ், 'கவனத்தை இழுக்கப் பண்றா' என்று என் தலைக்கு மேலேயே பேசினார். உங்கள் அறையில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்ல விடாதீர்கள்.

வாடகைக்கு ஒரு மூடி போட்ட டப்பா, யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்கக்கூடாது. நாலு மணி என்றால் நாலு மணிக்கே ஆரம்பியுங்கள், ஒரே ஒருவர் வந்திருந்தாலும். அப்புறம், கை வைத்த நாற்காலி வாங்காதீர்கள். எழுந்து ஓடுகிறவர்களின் துப்பட்டா மாட்டிக்கொள்கிறது.