மேற்கத்தியப் படங்களில் உங்களை அதிகம் உறுத்திய பிழை எது?

காட்சித் தொடர்ச்சிப் பிழை, வரலாற்றுப் பிழை இரண்டையும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைப் பெரிதுபடுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டுரைப் போட்டிக்கோ நண்பர்களோடு வாதிடவோ ஒரு பட்டியல் தேவைப்படுகிறது போலும். என்னிடம் பட்டியல் இல்லை, ஒரே ஒரு படம்தான் இருக்கிறது.

தொடர்ச்சிப் பிழை போன்ற சில்லறைப் பிழைகளை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ‘பிரட்டி உமன்’ படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் கையிலிருக்கும் குரோசான் ரொட்டி அடுத்த ஷாட்டில் பேன்கேக் ஆகிவிடும். ‘கிளாடியேட்டர்’ படத்தில் ரோமானிய ரதம் கவிழும்போது பின்னால் எரிவாயு உருளை தெரியும். ‘டைட்டானிக்’ படத்தில் நடுக்கடல் வானத்து நட்சத்திரங்கள் தப்பு என்று வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் விடாமல் நச்சரித்து, 2012-இல் முப்பரிமாணத்தில் மறுபடி வெளியிட்டபோது ஜேம்ஸ் கேமரூன் வானத்தையே மாற்றினார். சிரித்துவிட்டுப் போகலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

வரலாற்றுப் பிழை என்றால் எல்லாரும் ‘பிரேவ்ஹார்ட்’ படத்துக்குத்தான் ஓடுவார்கள். 1297-இல் நடந்த ஸ்டிர்லிங் பாலப் போரைப் பாலமே இல்லாமல் வெட்டவெளியில் எடுத்தார்கள். வில்லியம் வாலஸ் காதலிக்கும் இளவரசி இசபெல்லாவுக்கு அந்த வருடம் இரண்டு வயது இருந்திருக்கும். ஸ்காட்லாந்துக்காரர்கள் கோபப்பட்டார்களோ இல்லையோ, சுற்றுலாவுக்குக் கூட்டம் வந்தது.

என் படத்திலும் ஒரு பாலம் உண்டு. ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’, 1957. டேவிட் லீன் இயக்கியது, 7 ஆஸ்கர் விருது வாங்கியது. நல்ல படம்தான், உடனே சண்டைக்கு வராதீர்கள். கர்னலாக வரும் அலெக் கின்னஸ் நடையைப் பார்ப்பதற்காகவே நான் ஐந்து முறை பார்த்திருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில், சயாம் என்ற தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட்ட ஜப்பானியர்களிடம் சிக்கிய ஆங்கிலேயப் போர்க்கைதிகள், தங்கள் கர்னலின் வறட்டுக் கௌரவத்தால் எதிரிக்கு அருமையான பாலம் கட்டிக்கொடுக்கிறார்கள் என்பது கதை.

உண்மையில் அங்கே கைதிகளுக்குத் தலைவராக இருந்த பிலிப் டூசி, மரப்பாலத்தை அரிக்கக் கறையான் சேர்த்து விட்டவர். ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது என்பதும் படத்தின் கற்பனை. ஜாவாவிலிருந்து இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் அவர்கள். ஆற்றின் பெயரும் தவறு. படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பியர் பூல், பாதை குவாய் ஆற்றை ஒட்டிப் போவதால் பாலமும் அதன்மேல்தான் என்று எண்ணிவிட்டார். பாலம் இருந்தது மே குளோங் ஆற்றில். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் ‘குவாய் எங்கே, குவாய் எங்கே’ என்று தேட, 1960-இல் தாய்லாந்து அந்த ஆற்றுப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயர் வைத்துவிட்டது. பிழைக்காக ஆற்றைத் திருத்தியதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. போகட்டும், படப்பிடிப்பு நடந்ததோ இலங்கையில், கித்துல்கலவில்.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். என் தாத்தா புத்தகத்தில் இல்லை.

அவர் மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 1943-இல் வயது பத்தொன்பது. பட்டணத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, லயத்துப் பையன்கள் நான்கு பேரோடு போயிருக்கிறார். விளக்கு அணைந்தது, வெளியே கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. திரையில் எதுவும் வரவில்லை. அங்கிருந்து லாரி, லாரியிலிருந்து சரக்கு வண்டி, சயாமின் பான்போங்கில் இறக்கிக் காட்டுக்குள் நடை. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டில் கூலி என்றார்களாம், அதுவும் கைக்கு வரவில்லை. மழைக்காலத்தில் காலரா வந்தபோது குடிசைகளைக் கொளுத்திய கதையை மட்டும் பாதியில் நிறுத்திவிடுவார். போன ஐந்து பேரில் திரும்பியவர் இவர் ஒருவர்தான். அதன்பிறகு எந்த சினிமாக் கொட்டகைக்குள்ளும் அவர் கால் வைக்கவில்லை.

1986-இல் எங்கள் வீட்டு டிவியில் இந்தப் படம் வந்தது. எனக்குப் பதினான்கு வயது. “சயாம் ரயில் படமாம் தாத்தா” என்று நான்தான் இழுத்து உட்கார வைத்தேன். கைதிகள் சீட்டியடித்தபடி அணிவகுத்து வரும் புகழ்பெற்ற காட்சியில் அவர் முன்னால் குனிந்து பார்த்தார். “இவனுக்கெல்லாம் ஏது சப்பாத்து? வெள்ளைக்காரன் கோவணத்தோடு நின்றதைப் பார்த்தவன் நான்” என்றார். பிறகு பேச்சே இல்லை. பாலம் வெடித்து ரயில் ஆற்றில் விழுந்ததும் நான் கைதட்டினேன். தாத்தா கேட்டார்: “நம் ஆட்கள் வேலை செய்த இடத்தை எப்போது காட்டுவான்?”

முடிந்துவிட்டது என்றேன். டிவிக்காரன் வெட்டிவிட்டான் என்றார்.

415 கிலோமீட்டர் பாதை. வேலை செய்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ லட்சக்கணக்கில். அவர்களில் இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். படத்தில் ஆசியர் என்றால் ஜப்பானியச் சிப்பாய்கள், ஒரு வழிகாட்டி, சுமை தூக்கும் பெண்கள், அவ்வளவுதான். அந்தக் குறிப்பிட்ட பாலத்தைக் கைதிகள்தானே கட்டினார்கள் என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஆம் ஐயா, பெரும்பாலும் அவர்கள்தான். அது நாவல், ஆவணப்படம் அல்ல என்று இன்னொருவர் வருவார். அதுவும் தெரியும். ஆனால் குரோசான் பேன்கேக் ஆனதைக் கண்டுபிடிக்க ஆயிரம் கண்கள் இருக்கின்றன. திரைக்கு வராத ஆளைக் கண்டுபிடிக்க அந்த வேலையைச் செய்தவனே வந்து உட்கார வேண்டியிருந்தது.

ஆவணப்படம் என்றதும் நினைவு வருகிறது. சென்ற மாதம் ஓர் இணையச் சேவையில் ரயில்பாதைகளைப் பற்றிய ஆவணப்படம் பார்த்தேன். தமிழ் வசனவரி போட்டிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலீப்பர் கட்டையை முதலிலிருந்து கடைசிவரை ‘உறங்குபவர்கள்’ என்றே எழுதியிருந்தார்கள். ‘உறங்குபவர்களை வரிசையாக அடுக்கி ஆணி அடித்தனர்’ என்று ஒரு வரி. புகார் எழுதினேன். சேவை பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுக்கும்படி பதில் வந்தது. தமிழ் தெரிந்த ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்து ஒருமுறை படிக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘குவாய்’ படத்தின் வீடியோ காசெட்டைப் பிறகு வாங்கி, கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 161 நிமிடம். டிவியில் வந்ததும் அதேதான், எதையும் வெட்டியிருக்கவில்லை. தாத்தாவிடம் சொல்லவில்லை. சாகும்வரை, என்னைக் காணும்போதெல்லாம், “தம்பி, அந்த முழுப் படம் கிடைத்ததா?” என்று கேட்பார். கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்பேன்.