எவன் முகம், எவன் பழி?

டிவியில் 'மகதீரா' என்று போட்டார்கள். குதிரை, வாள், நூறு பேரை ஒற்றை ஆளாகச் சாய்க்கும் சண்டை என்று ஆசையாக உட்கார்ந்தால், முகத்தை மாற்றிக்கொண்டு ஒருவர் பழிவாங்கிக்கொண்டிருக்கிறார். என்ன கூத்து இது?
- ஈரோடு வாசகர்

டப்பிங் கூத்து. ராஜமௌலியின் 2009 'மகதீரா' 2011-இல் தமிழுக்கு 'மாவீரன்' ஆக வந்துவிட்டது. பெயர் சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, வம்சி படிபள்ளி இயக்கிய 'எவடு' 2015-இல் தமிழ் பேசியபோது அதற்கு 'மகதீரா' என்று வைத்துவிட்டார்கள். இரண்டிலும் ராம் சரண்தான் நாயகன் என்பதால் சேனல் மாற்றுகிறவர்கள் ஏமாறத்தான் செய்வார்கள். 'எவடு' என்றால் 'எவன்'. அப்படியே விட்டிருக்கலாம், படம் முழுக்க ஓடும் கேள்வியே அதுதான்.

அல்லு அர்ஜுன் இருக்கிறார் என்று நம்பிப் பார்க்கலாமா?
- தேனி வாசகி

ஆரம்பத்தைத் தவறவிட்டால் அவர் இல்லை. விசாகப்பட்டினத்துச் சத்யாவாக அவர், காதலி தீப்தியாக காஜல். தாதா வீரு பாய் (ராகுல் தேவ்) கண் தீப்தி மேல் விழ, இருவரும் ஊரைவிட்டு பஸ் ஏறுகிறார்கள், ஆட்கள் துரத்தி வந்து அவளைக் கொன்று பஸ்ஸோடு இவரையும் கொளுத்துகிறார்கள். டாக்டர் ஷைலஜா (ஜெயசுதா) பிழைக்க வைத்து வேறு முகம் பொருத்த, பத்து மாதம் கழித்துக் கண் விழிக்கும்போது ராம் சரண். ஊருக்குத் திரும்பி ஒவ்வொருவராகக் கணக்கைத் தீர்க்கிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் வழக்கமான மசாலாதான். வஞ்சம் தீர்ந்து அப்பாடா என்று நிற்கிறபோது, முன்பின் தெரியாத ஒருவன் கொல்ல வருகிறான் பாருங்கள், அங்கேதான் படம் பிழைக்கிறது. வந்தவனுக்குச் சத்யா மேல் கோபமில்லை, அந்த முகத்தின் மேல் கோபம். அது குடிசைவாசிகளுக்காக தர்மா (சாய்குமார்) என்ற பெரும்புள்ளியை எதிர்த்துச் செத்துப்போன சரணின் முகம், சரண் அந்த டாக்டரின் மகன். பெற்ற பிள்ளையின் முகத்தை ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு வைத்துத் தைத்த தாய் அவனை நிமிர்ந்து பார்க்கும்போது என்ன நினைப்பாள்? எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இயக்குநருக்கோ அடுத்த சண்டைக்கு நேரமாகிவிட்டது. காதலும் அப்படித்தான், காஜல் போனதோடு போச்சு.

அப்படி முகத்தை மாற்ற முடியுமா?
- நெய்வேலி வாசகர்

முடியும், ஆனால் ராம் சரண் கிடைக்க மாட்டார். 2005-இல் பிரான்ஸின் அமியான் நகரில் ஒரு பெண்ணுக்கு மூக்கு, உதடு, தாடைப் பகுதியை மாற்றியதுதான் முகத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்றிய முதல் அறுவை சிகிச்சை. முழு முகம் 2010-இல் பார்சிலோனாவில். சிக்கல் என்னவென்றால், தோலும் தசையும் இறந்தவருடையதாக இருந்தாலும் அடியில் பெரும்பாலும் வாங்கியவரின் எலும்பு, ஆகவே வருவது இருவர் சாயலும் கலந்த மூன்றாவது முகம். கொடுத்தவரின் அம்மாவே அடையாளம் காண்பது கஷ்டம், எதிரி எங்கே காண்பது! உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை வேறு, நம் நாயகன் ஒருநாள்கூட மாத்திரையும் தண்ணீருமாக நின்றதாக நினைவில்லை. குரலும் மாறியதே என்று கேட்டுவிடாதீர்கள்.

ஸ்ருதி ஹாசனா, எமி ஜாக்சனா?
- கடலூர் வாசகர்

சமந்தா விலகியதால் ஸ்ருதி வந்தார். பாட்டு இருவருக்கும் உண்டு, வேலை?

ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது?
- ஓசூர் வாசகர்

2013 ஜூலை 31-க்குத் தேதி குறித்திருந்தார்கள். முந்தின நாள் தெலங்கானாவைப் பிரிக்க காங்கிரஸ் காரியக் கமிட்டி முடிவெடுக்க, ஆந்திரக் கடலோரமும் ராயலசீமாவும் கொதித்தன. அப்புறம் தள்ளித் தள்ளி 2014 ஜனவரி 12, சங்கராந்திக்கு வந்தது. இரண்டு நாள் முன்பே மகேஷ் பாபு படம் வந்து நின்றிருந்தும் தாக்குப்பிடித்தது.

அல்லு அர்ஜுனும் ராம் சரணும் சொந்தமாமே?
- சிவகாசி வாசகி

சிரஞ்சீவியின் மனைவி சுரேகா, அல்லு அரவிந்தின் தங்கை. ஆக அர்ஜுன் சரணுக்கு மாமா பையன். முகத்தைக் குடும்பத்துக்குள்ளேயே மாற்றிக்கொண்டார்கள், டோனர் தேடி அலையவில்லை.