வெளிநாட்டில் வாங்கும் மலிவு விலை ஆடியோ மிக்சர் (மைக், கிட்டார் ஒலிகளைக் கலக்கும் கருவி) ஊர் திரும்பிய பிறகும் ஓடுமா?

ஓடும். ஆனால் வாங்கும் முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். வெறும் 120 என்றிருந்தால் 230 வோல்ட் நாட்டில் நேரடியாகச் செருகாதீர்கள், கருகிவிடும். சின்ன மிக்சர்கள் சிலவற்றின் அடாப்டர் ஏசி மின்சாரத்தையே வெளியே தரும்; கைபேசி சார்ஜர் போல டிசி தராது. அதனால் கைக்குக் கிடைத்த அடாப்டரை மாட்டக் கூடாது. அதே மாடலுக்கு, அந்த நாட்டு வோல்ட்டேஜுக்கு உரியதைத் தேடி வாங்குங்கள்.

அப்புறம், உங்களிடம் இருப்பது கண்டென்சர் மைக் (இயங்க மின்சாரம் தேவைப்படும் வகை) என்றால், மிக்சரில் 48 வோல்ட் பாண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் வசதி, இருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி இருக்கிறதே என்று மயங்க வேண்டாம்: மலிவு மிக்சர்கள் பெரும்பாலும் கலந்த ஸ்டீரியோ ஒலியை மட்டுமே கணினிக்கு அனுப்பும். குரலையும் கிட்டாரையும் தனித்தனி டிராக்காகப் பதிய வேண்டுமென்றால், அதே பணத்துக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.