காத்தாடியை நிறுத்தாதீர்கள்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், கோலாலம்பூர்க்காரர்கள். புரோகிரசிவ் ராக் இசையில், அதாவது பாட்டு நீளமாக ஓடித் தாளம் அடிக்கடி மாறும் ராக் வகையில், ஓர் ஆல்பம் செய்யப்போகிறோம். முதல் பாட்டே 22 நிமிடம். தாளம் 31 இடத்தில் மாறும். பாடும் பகுதி 6 நிமிடம், மிச்சமெல்லாம் வாசிப்பு. ஸ்டூடியோவுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அதனால் செந்தூலில் எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டிலேயே, ஆறு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை பதிவு. 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) கண்டென்சர் மைக் வாங்கிவிட்டேன். பக்கத்து அறையில் அப்பா இருப்பார், ரயில் பட்டறையில் 28 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் அறைக் காத்தாடி கிர்க் கிர்க் என்று மைக்கில் விழுகிறது, அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்திவிடுவோம், ஒன்றும் சொல்லமாட்டார். பாட்டை உடைக்காமல் ஒரே மூச்சில் வாசித்துப் பதிய வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆறு வாரத்தையும் எப்படிப் பிரித்துக்கொள்வது?
– செந்தூல் வாசகர்

பதில்: தம்பி, தாளம் 31 இடத்தில் மாறுவதை உட்கார்ந்து எண்ணியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு என்ன வயது, உடம்பு எப்படி, அந்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. அம்மாவைப் பற்றியும் இல்லை. அவர் இருந்திருந்தால் அந்த சுவிட்ச் பக்கம் உங்களை விட்டிருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஒரு வருடம் உறுமி மேளப் பயிற்சி, ஒரு வருடம் கல்யாணத்துக்குப் பாடும் குழு, அப்புறம் யூடியூப் சமையல். ஒவ்வொரு முறையும் வீட்டில் வயதான ஒருவர் சத்தம் போடாமல் உள்ளே போய் உட்கார வேண்டியிருக்கிறது.

‘ஒன்றும் சொல்லமாட்டார்’ என்கிறீர்கள். கேட்டீர்களா? கேட்டிருந்தால் ‘அப்பா சரி என்றார்’ என்று எழுதியிருப்பீர்கள். இரும்பும் சுத்தியலும் போடும் சத்தத்துக்கு நடுவே 28 வருடம் நின்ற மனிதர் அவர். உங்கள் முதல் கிட்டார் அந்தச் சம்பளத்தில்தான் வந்தது என்று பந்தயம் கட்டுவேன். நம் ஊரில் மதியம் இரண்டு மணிக்கு 33 டிகிரி சாதாரணம். அந்தப் புழுக்கத்தில் அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கிடக்க, சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘ஆஹா, எவ்வளவு சுத்தமான சவுண்டு’ என்பீர்களா?

அந்தக் கிர்க் கிர்க் உங்கள் காதில் எப்போது விழுந்தது? மைக் வாங்கிய பிறகு. அதற்கு நேர் கீழே படுக்கிறவர் எத்தனை வருடமாகக் கேட்கிறார்? 200, 300 வெள்ளிக்குப் புதுக் காத்தாடி கிடைக்கும். பெற்றவர்களுக்குச் செய்வதைத் தியாகம், கைம்மாறு என்றெல்லாம் நான் பெரிதாகப் பேசுவதில்லை. அது வீட்டு வாடகை மாதிரி. முதல் தேதி வந்தால் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றச் செலவு. நீங்கள் மைக்கை முதலில் வாங்கிவிட்டீர்கள்.

சரி, பதிவுக்கு வருகிறேன், அங்கேயும் உங்கள் கணக்கு தப்பு. எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், கீபோர்டு மூன்றும் வயர் வழியாக நேரே ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள், அதாவது சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டிக்குள், போகும். அதற்கு மைக்கே கிடையாது, அப்பா அறையில் மாவு அரைத்தாலும் பதிவில் விழாது. ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியின் கரகரப்பு வேண்டுமென்றால், பதிந்ததைப் பின்னால் ஆம்ப்பில் ஓட்டி எடுத்துக்கொள்ளலாம். டிரம்ஸ் போடும் சத்தத்தில் காத்தாடி இருந்த இடமே தெரியாது. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில் டிரம்ஸ் அடிக்காதீர்கள், அக்கம்பக்கத்திலும் யாரோ ஒருவருடைய அப்பா இருப்பார். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோவில் டிரம்ஸை மட்டும் ஒரே நாளில் முடியுங்கள். நான்கு பேர் பகிர்ந்தால் அந்தக் காசு கட்டுப்படியாகும்.

மிச்சம் குரல். ஆறு நிமிடப் பாட்டுக்காக ஒரு வயதானவரின் காத்தாடியைப் 18 மணி நேரம் நிறுத்தத் திட்டம் போட்டிருக்கிறீர்கள், தம்பி.

கண்டென்சர் மைக் அறையில் இருப்பதையெல்லாம் வாரிக்கொள்ளும். சாதாரண டைனமிக் மைக் ஒன்றை இரவல் வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். 30 சென்டிமீட்டர் தூரத்தை 15 ஆக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும், காத்தாடி இருந்தபடியே இருக்கும். அதுவும் போதாதென்றால், மற்ற மூன்று பேருக்கும் வீடு இல்லையா? இன்னொன்று, இரண்டிலிருந்து ஐந்து என்று யார் நேரம் குறித்தது? நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துத் தகரத்தில் கொட்டும்போது எந்த சுவிட்சைத் தட்டுவீர்கள்? குரலைக் காலையில் பதியுங்கள்.

அந்த ‘ஒரே மூச்சு’ பிடிவாதத்தையும் விடுங்கள். 1972-இல் யெஸ் என்ற ஆங்கிலேய ராக் குழு 18 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு பாட்டைத் துண்டு துண்டாக வாசித்து, டேப்பை வெட்டி ஒட்டித்தான் முழுசாக்கியது. உங்களுக்கு அதைவிட ரோஷமா? முதல் இரண்டு வாரம் யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். கம்ப்யூட்டரில் 31 மாற்றத்துக்கும் தாளம் எண்ணும் கிளிக் சத்தம் போட்டு, மேலே கீபோர்டில் ஒரு மாதிரி வாசிப்பைப் பதிந்து, எல்லாருக்கும் அனுப்புங்கள். அவரவர் வீட்டில் அதோடு சேர்ந்து பழகட்டும். ஏழு எண்ணிக்கையில் இடறுகிறவரை ஒரு மிருதங்க ஆசிரியரிடம் அனுப்புங்கள். மூன்றும் நான்கும் ஏழு, மிஸ்ர சாபு என்று தொடையில் தட்டிக் காட்டிவிடுவார். மூன்றாவது வாரம் டிரம்ஸ், அப்புறம் வயரில் போகிறவை, கடைசியில் குரல்.

இந்த ஞாயிறு மைக் பெட்டியிலேயே இருக்கட்டும். அப்பாவால் நடக்க முடிந்தால் கடைக்குக் கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் கைப்பேசியில் படம் காட்டுங்கள். காத்தாடியை அவரே பார்த்து எடுக்கட்டும், பட்டறைக்காரருக்கு மோட்டாரைப் பற்றி நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மாட்டியதும் மூன்றாம் நம்பரில் ஓடவிட்டு, உங்கள் அறையில் மைக்கைப் போட்டு ஒரு நிமிடம் பதிந்து கேளுங்கள். என்ன விழுகிறது என்று எனக்கு எழுதுங்கள். அவர் வயதையும் சேர்த்து.