சித்தப்பாவின் நாற்றுப்பண்ணை

அன்புள்ள அக்கா,

பொள்ளாச்சியிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு ஆறு மாதம் வெப் டிசைன் படித்தேன். நெட்ஃபிளிக்ஸ், அமேசான் முகப்புகளை அப்படியே செய்து வைத்திருக்கிறேன். 40 கம்பெனிகளுக்கு ரெஸ்யூம் அனுப்பியதில் இரண்டே அழைப்புதான் வந்தது. இரண்டிலும் அனுபவம் இல்லை என்றுவிட்டார்கள். இப்போது ஓர் இடத்தில் 30,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் வேலை என்கிறார்கள். சித்தப்பாவோ தன் தென்னை நாற்றுப்பண்ணைக்கு வந்துவிடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

டெபாசிட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்திலிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள். நான் சேர்ந்த முதல் கம்பெனி அதைத்தான் செய்தது. திரும்ப வாங்க அலைந்த நாட்களில் இன்னொரு படிப்பே படித்திருக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். சில வருஷமாக நான் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நெட்ஃபிளிக்ஸ் நகல்கள் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஒரே இன்ஸ்டிடியூட்டில் படித்த ஐந்து பேர் ஒரே நகலோடு வருவார்கள். "இந்தப் பட்டன் ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டால், "அங்கேயும் அங்கேதான் இருக்கிறது" என்பதைத் தாண்டி அவர்களிடம் பதில் இருக்காது. யோசித்தது வேறு யாரோ அல்லவா?

அதனால் சித்தப்பா பண்ணைக்குப் போங்கள். கன்று தூக்க அல்ல, பண்ணைக்கு ஒரு வெப்சைட் செய்ய. ஒரு நாள் முழுக்க அவருடைய ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்து, கூப்பிடுகிறவர்கள் கேட்பதை எழுதிக்கொள்ளுங்கள். நெட்டையா, குட்டையா, இரண்டும் சேர்ந்த ஒட்டு ரகமா? கன்று என்ன விலை? எத்தனை மாதக் கன்று? நூறு எடுத்தால் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்குவீர்களா? 'எங்களைப் பற்றி' என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எதை அதிகம் பேர் கேட்டார்களோ அது முகப்பில் மேலே வரட்டும்.

இதை வெறும் எச்டிஎம்எல் (பக்கத்தைக் கட்டுவது), சிஎஸ்எஸ் (அதற்கு வடிவம் கொடுப்பது) வைத்தே செய்துவிடலாம். கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் ஏற்றக் காசும் வேண்டாம். தமிழில் செய்யுங்கள், அங்கேதான் கை பழகும். ஆங்கில 'சப்மிட்' அளவுக்கு வெட்டிய பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. (அந்தச் சொல்லே வேண்டாம், 'அனுப்பு' போதும்.) வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்தபடி விட்டால் மேல் வரியின் 'ழு' கீழ் வரியின் புள்ளியில் போய் முட்டும். உங்கள் வாசகர் வெயிலில், தோப்பில் நின்றுகொண்டு ஃபோனைப் பார்ப்பவர். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து அவருக்குத் தெரியவே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வெளிச்ச வேறுபாடாவது இருக்கட்டும் என்று, எல்லோரும் படிக்கும்படி தளம் அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதி சொல்கிறது, பிரவுசரிலேயே அளந்து பார்க்கலாம். ஃபோனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள், சிக்னல் குறைந்த தோப்பில் அது லேசில் திறக்காது. எண்ணைத் தொட்டால் நேரே அழைப்பு போக வேண்டும்.

திரையின் அளவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கத்துக்கு வெப் டிசைனர் ஈதன் மார்கோட் 2010-ல் 'ரெஸ்பான்சிவ்' என்று பெயர் வைத்தார். இன்று அந்தச் சொல் இல்லாத ரெஸ்யூம் கிடையாது. அதனால் நான் ரெஸ்யூமை ஓரமாக வைத்துவிட்டு அவர் செய்த தளத்தை என் ஃபோனில் திறந்துவிடுவேன். பக்கம் இடவலமாக ஆடினால் அங்கேயே பாதி முடிந்தது. ஆடவில்லை என்றால்தான் பேச்சே ஆரம்பிக்கும். விலைப்பட்டியலை ஏன் மேலே வைத்தீர்கள், வைத்த பிறகு யாராவது தடுமாறினார்களா, எதை மாற்றினீர்கள்? இதையெல்லாம் ஒருவர் சொல்லும்போது அனுபவம் எத்தனை வருஷம் என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

அப்புறம், 40 இடத்துக்கு ஒரே மெயிலை அனுப்பாதீர்கள். ஐந்து சின்னக் கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் செய்த தளங்களைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். 'வெப் டிசைனர்' என்று விளம்பரம் இருந்தாலும், போன பிறகு வேர்ட்பிரஸும் (தளம் நடத்த உதவும் மென்பொருள்) தீபாவளி போஸ்டரும் சேர்ந்தே வரும். முதல் வருஷம் அப்படித்தான், பரவாயில்லை.

சித்தப்பாவிடம் கூலி பேசாமல் ஆரம்பிக்காதீர்கள். சொந்தக்காரர் என்று சும்மா செய்து கொடுத்தால் அடுத்து மாமா வருவார், அவருக்குப் பின்னால் மாமாவின் நண்பர் வருவார். காசாகக் கொடுக்கத் தயங்கினால் கன்றாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள்.